மஸ்கட்டைப் பார்க்காத வில்சன் சொல்லும் மஸ்கட் கதை

1

நேற்று ஜெமிக்கு ஏழு வயது முடிந்தது. மஸ்கட்டின் ருவியில் நாங்கள் இருக்கும் இரண்டு அறை ஃபிளாட்டில் கேக் வெட்டினோம். எதிர் ஃபிளாட்டு ஹைதராபாத் குடும்பமும் மேல்மாடிக் கோட்டயம் குடும்பமும் வந்து, ஆளுக்கொரு சுருதியில் பாடிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. ஜெமி என் மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, நான் பிறந்த கதை" என்பாள். நான் சொல்வேன். அவளுக்கு மூன்று வயதான நாளிலிருந்து இது நடக்கிறது.

நேற்று மடியில் ஏறவில்லை. டெலிபோனைக் காட்டி, "அப்பா, பாறசாலைக்குப் போடு. வில்சன் மாமா மஸ்கட் கதை சொல்லட்டும்" என்றாள்.

இதில் உள்ள அநியாயம் ஊரில் இருக்கும் உங்களுக்குப் புரியவேண்டும். மஸ்கட்டில் பதினான்கு வருஷமாக வெயில் காய்பவன் நான். வில்சன் இந்தப் பக்கம் நாகர்கோவிலையும் அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தையும் தாண்டியதில்லை. பாஸ்போர்ட் என்ன நிறம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டில், என் மகளுக்கு, மஸ்கட் கதை சொல்லும் உரிமை அவனுக்கு.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மற்றவர்கள் அதை உள்ளே வைத்துப் புழுங்குவார்கள். நான் தாளில் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். தைரியமாக எழுதலாம். பள்ளிக்கூடத்தில் ஜெமிக்கு இங்கிலீஷும் இந்தியும் மலையாளமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லைப் பேச்சு பேசுவாள். தமிழ் எழுத்து அவளுக்கு அரபு எழுத்தைவிடத் தூரம். அரபாவது கடைப்பலகையில் தினமும் கண்ணில் படுகிறது. ஆகவே இந்த உலகத்தில் என் மகளுக்குத் தெரியாமல் நான் உண்மை பேச மிச்சமிருக்கும் ஒரே இடம் தமிழ்.

2

முதலில் நான் சொல்லிவந்த கதையைக் கேளுங்கள்.

அப்பா லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். நீ அம்மை வயிற்றில் எட்டு மாதம். அம்மைக்குத் திடீரென்று வயிற்றுவலி. அப்பா ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. அம்மையைத் தூக்கி ஜீப்பில் கிடத்தி, பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை ரோட்டில் பறக்கிறார். டாக்டர் தாளில் ஒப்பு கேட்கிறார், அப்பா கையெழுத்துப் போடுகிறார். ரத்தம் கேட்கிறார், அப்பா சட்டைக் கையைச் சுருட்டுகிறார். கதவு திறக்கிறது. ஒரு நர்ஸ் துணியில் பொதிந்து உன்னைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுக்கிறாள்.

நான் சும்மா சொல்கிற ஆள் இல்லை. நான்காவது பிறந்தநாளில் இதில் மழை சேர்ந்தது. ஐந்தாவதில் உதியன்குளங்கரைப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்தது; அதை அப்பா ஒருவராகவே தூக்கிப் போட்டார். ஆறாவதில் ஒரு யானையும் வருவதாக இருந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா இருமிய இருமலில் அந்த யானை அம்பூரி மலைக்கே திரும்பிப் போய்விட்டது.

கதையில் மழையும் மரமும் பொய். ஜீப் உண்டு, ஒப்பு உண்டு, ரத்தம் உண்டு, துணியில் பொதிந்த குழந்தையும் உண்டு. இல்லாத ஆள் நான் ஒருவன்தான். நான் 'அப்பா' என்று சொன்ன இடத்திலெல்லாம் 'வில்சன்' என்று போட்டுக்கொண்டால் உங்களுக்கு உண்மை கிடைத்துவிடும்.

3

வில்சன் யார்? ஸ்டெல்லாவின் சொந்த அத்தை மகன். முறைமாப்பிள்ளை. பாறசாலைக்கும் அம்பூரிக்கும் இடையே ஜீப் ஓட்டுகிறவன். பத்துப் பேர் உட்கார்ந்து ஏழு பேர் தொங்கினாலும், வழியில் கைகாட்டும் பதினெட்டாவது ஆளுக்கும் "கேறுங்க, இடம் உண்டு" என்பான். ஸ்டெல்லா அவனுக்குத்தான் என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் நான் போய்ப் பெண் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து யாரும் மனம் மாறவில்லை. "பையன் மஸ்கட்டில் ஆக்கும்" என்று தரகர் சொன்ன ஒரு சொல்லில் ஸ்டெல்லாவின் அம்மையான மாமி மனம் மாறினாள். மஸ்கட் என்ற சொல்லை வைத்துத்தான் வில்சனை ஜெயித்தேன். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவன் ஒரு நல்ல எதிரியாக நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். கல்யாணத்துக்குக் கோவில் பெஞ்சு சுமந்தான். எங்களை ஜீப்பில் ஏற்றி வீட்டில் விட்டான். என்னை "அண்ணே" என்றான். முகத்தில் ஒரு சுளிப்பு தேடி எத்தனையோ முறை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றம் இன்றுவரை உண்டு.

முறைப்படி ஜெமி அவனைச் 'சித்தப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும். நான்தான் 'மாமா' என்று பழக்கினேன். 'அப்பா' என்ற ஓசை உள்ள எந்தச் சொல்லும் அவன் பக்கம் போகக்கூடாது. உறவுமுறை தெரிந்த மாமி, "இது எந்த ஊர் முறையாக்கும்?" என்று கேட்டாள். "மஸ்கட் முறை" என்றேன்.

4

கல்யாணமாகி ஐந்து வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாச லீவில் வருகிறவனுக்குக் குழந்தை பிறப்பது பரீட்சைக்குக் கடைசி நாள் படித்துப் பாஸாவது மாதிரி. நான் இங்கே ஏசி அறையில் இருந்தேன். கேள்வியெல்லாம் அங்கே ஸ்டெல்லாவிடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்புப் போடுவதற்குள் நான்கு பேர், "மக்கா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" கடைசியில் அவளே ஒரு கடிதத்தில் எழுதினாள்: "அடுத்த லீவுக்கு வரும்போ திருவனந்தபுரத்தில் ஒரு லேடி டாக்டரைப் பாக்கணும். ரெண்டு பேரும்."

அந்த 'ரெண்டு பேரும்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன். என்னையும் சோதித்தார்கள், அந்தச் சோதனையைப் பற்றி எழுதினால் பத்திரிகைக்காரர் போடமாட்டார். ஸ்டெல்லாவுக்கு மாத்திரை, அப்புறம் ஊசி. ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்து முட்டையின் அளவை மில்லிமீட்டரில் சொல்வார். முட்டை என்றால் கோழி அல்லது தாரா வாத்து என்று மட்டும் அறிந்த குடும்பம் என்னுடையது. "பதினாறு" என்பார், முகம் தெளியாது. ஒருநாள் "பதினெட்டு" என்று சொல்லிச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் நான் பதினெட்டு வாங்கிய நாளெல்லாம் அடிதான் விழுந்திருக்கிறது. பதினெட்டுக்கு ஒருவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

லீவு முடிய ஒன்பது நாள் இருந்தது. அது போதுமாக இருந்தது.

மஸ்கட்டுக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. விசேஷம் உண்டு என்று எழுதியிருந்தாள். அடுத்த கடிதத்தில் இன்னொன்றும் உண்டு என்று எழுதியிருந்தாள். "வலது பக்கம் சூலகத்தில ஒரு நீர்க்கட்டி. சின்ன நாரங்கா அளவு. ஊசி போட்டதினால வருமாம். தன்னால வடியுமாம். பேடிக்கண்டாம்." பயப்பட வேண்டாம் என்றுதான் எழுதினாள், ஆனால் வடியவில்லை. ஐந்தாம் மாதம் அந்த எலுமிச்சை மாங்காய் அளவானது. இந்த நிலையில் கைவைக்க வேண்டாம், பிரசவம் முடிந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கூடவே ஓர் எச்சரிக்கை. அதை ஸ்டெல்லா சொல் மாறாமல் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள்: "திடீரென்று ஒரு பக்கம் குத்தி வலித்தால், வாந்தி வந்தால், கட்டி முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். உடனே வரவேண்டும்."

அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கோடு போட்ட வரி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மனப்பாடமாக இருந்தது.

5

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. பாறசாலை சந்திப்பில் ஓர் எஸ்.டி.டி. பூத். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று ஊர் நேரம் மதியம் ஒன்றரைக்கு நான் பூத்துக்குப் போன் செய்வேன். ஸ்டெல்லா அங்கே வந்து காத்திருப்பாள். யார் ஜீப்பில் வருவாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூற்றிரண்டு அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. ருவி போன் கூண்டில் எனக்குப் பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அறையில் பிரியாணி தம்மில் கிடந்தது.

"இன்னைக்குக் காலத்த முதல் வலது பக்கம் ஒரு குத்தல் உண்டு" என்றாள் ஸ்டெல்லா.

"நேத்து என்ன தின்னே?"

"கப்பயும் மீனும்."

"அப்ப அது கப்பக்கிழங்கு வாயுவாக்கும். ஓமத்தண்ணி வெச்சுக் குடி. செரியாவும்."

"டாக்டர் என்ன சொன்னாங்க எண்ணா..."

"டாக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீ ஓமத்தைக் குடிச்சிட்டுக் கொஞ்சம் கிட."

அவள் செரி என்றாள். போனை வைத்தேன். அறைக்குப் போய் இரண்டு தட்டு பிரியாணி தின்றேன். தூங்கினேன். எழுந்து கேரம் விளையாடினேன். ஜெயித்தேன் என்றும் நினைவு.

இதுதான் என் மகள் பிறந்த நாள். அன்று நான் இருந்தது இப்படி. ஜெமிக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நான் இத்தனை வருஷமாக மழையும் மரமும் போட்டு மூடி வைத்திருப்பது இதைத்தான். ஊரில் இல்லாமல் போன குற்றத்தைப் பாதி வளைகுடாவே செய்திருக்கிறது. அதைக் கம்பெனி மேல் போட்டுவிடலாம். ஓமத்தண்ணியை யார் மேல் போடுவது?

6

இனி வருவது மாமி வாயால் கேட்டது. மாமி இதை ஒரே மாதிரி சொல்வாள். ஒரு சொல் கூடாது, குறையாது. வில்சனின் பெயர் வரும் இடங்களில் மட்டும் குரல் கொஞ்சம் இனிக்கும்.

பூத்தை விட்டு வந்த ஸ்டெல்லா ஒரு கையால் வலது பக்கத்தைப் பிடித்திருந்ததை வில்சன் பார்த்திருக்கிறான். "எந்தா?" என்று கேட்டிருக்கிறான். "வாயுவாம்" என்றிருக்கிறாள். வீட்டில் இறக்கி விட்டவன் போகவில்லை. அம்பூரிக்குப் போக வேண்டிய ஆட்கள் ஜீப்பில் இருந்து திட்ட, "எஞ்சின் சூடு, கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி வாசலிலேயே போட்டிருந்தான். மாமி ஓமத்தண்ணி வைத்தாள். ஸ்டெல்லா குடித்தாள். குடித்ததும் வாந்தி. அடுக்களைக் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்தாள்.

வில்சன் ஜீப்பில் இருந்தவர்களை இறக்கினான். ஒருத்தி இறங்கவில்லை. கடற்கரையிலிருந்து உணக்கமீன் கருவாட்டுக் கூடையோடு மலைக்கு விற்கப் போகிறவள். "நீ ஓட்டு மக்கா, நான் இவளைப் பிடிச்சுக்கிடுதேன்" என்று ஸ்டெல்லாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நெய்யாற்றின்கரை வரைக்கும் ஜெபமாலை சொன்னாளாம். எங்கள் பழைய மிஷன் சபையில் மாதாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னாலே முகம் சுளிக்கும் மாமி, அன்று ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னாள். இதையும் மாமி மறைக்காமல் சொல்வாள், அதனால் மற்றதையும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். கட்டி சூலகத்தையும் சேர்த்து முறுக்கிக்கொண்டது, ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, இப்போதே திறந்து கட்டியையும் குழந்தையையும் எடுக்க வேண்டும். கையெழுத்து வேண்டும்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு ஒரு 'பைஸ்டாண்டர்' இல்லாமல் ஒன்றும் நடக்காது. மருந்து வாங்க, ரத்தம் தேட, கையெழுத்துப் போட, கதவு திறக்கும்போது ஓடிப்போக ஓர் ஆள். நர்ஸ் வெளியே வந்து, "ஸ்டெல்லாயுடெ பைஸ்டாண்டர்" என்று கூப்பிட்டாள். மாமி கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தாள்; வில்சன் எழுந்தான்.

"பர்த்தாவாணோ?"

"அல்ல. பர்த்தாவு மஸ்கட்டிலாணு."

"பின்னெ நிங்ஙள் ஆரா?"

உலகத்தில் எத்தனையோ பதில் இருக்கிறது. அண்ணன் என்று சொல்லலாம். சொந்தக்காரன் என்று சொல்லலாம். பொய் சொல்லத் தெரியாத என் வில்சன், "முறைச்செறுக்கன்" என்றான். மலையாளத்தில் முறைமாப்பிள்ளைக்கு அதுதான் சொல். உறவு என்ற இடத்தில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டான். இன்றும் அந்த ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு அலமாரியில் என் மனைவிக்காக ஒரு முறைச்செறுக்கன் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கும் வலது பக்கம் குத்துகிறது.

ஆபரேஷனுக்குப் போகும் முன் நகை கழற்ற வேண்டும். தாலியையும் கழற்றி நர்ஸ் பைஸ்டாண்டர் கையில் கொடுத்தாள். நான் சபைக்கு முன்னால் கட்டிய தாலியை அவன் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ரத்தம் கேட்டார்கள், பொருந்தியது, கொடுத்தான். ஆக என் மனைவியின் உடம்பில் ஒரு பாட்டில் வில்சன் ஓடுகிறான். அது என்றைக்கோ மாறிப் புது ரத்தம் ஆகிவிட்டிருக்கும் என்று மேல்மாடிக் கோட்டயத்து நர்ஸ் சொன்னாள். அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நர்ஸ் அவன் கையில் கொடுத்து, எண்ணி முப்பது வரை சொல்வதற்குள் வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனாள். பிறகு இன்னொரு கதவு திறந்து, எடுத்த கட்டியை ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். அதுவும் பைஸ்டாண்டர் பார்க்க வேண்டுமாம். கறுத்துப்போன வழுதலங்காய், அதாவது கத்தரிக்காய், மாதிரி இருந்ததாம், கட்டியும் அதோடு சேர்ந்த சூலகமும். நான் இதுவரை பார்க்காத ஸ்டெல்லாவின் ஒரு பாகத்தை அவன் பார்த்துவிட்டான். பார்த்ததும் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான் என்று மாமி சொல்கிறாள். உட்காரத்தான் வேண்டும். இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் சனிக்கிழமை கம்பெனிக்குப் போன் வந்தது. வில்சன் குரல் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"அவளுக்கு வாயு எப்பிடி உண்டு?"

அவன், "மாறியாச்சு அண்ணே. பெண் பிள்ளையாக்கும்" என்றான்.

7

நான் ஊருக்குப் போனது பதினாறு மாதம் கழித்து. ஜெமி என்னைப் பார்த்ததும் அழுது, ஜீப் நிற்கும் பக்கம் ஓடினாள். நான் பொம்மை நீட்டினேன். பொம்மையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் மாமி சேனை விஷயத்தைச் சொன்னாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சீனித்தண்ணி தொட்டுவைக்கிற ஆளின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மாமி டீக்கன் மனைவி. இதையெல்லாம் நம்புவது பாவம் என்று பெண்கள் கூட்டத்தில் பேசுகிறவள். ஆனாலும் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே கொடுத்த அன்று, "நம்பிக்கைக்கு இல்ல, ஒரு இதுக்கு" என்று ஒரு சொட்டு கலக்கி வைத்திருந்தாளாம். யாரை வைத்துத் தொடுவிப்பது? "நல்ல குணம் உள்ள ஆளு வேணும் இல்லியா மருமகனே" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

நான் படித்தவன். இதை நம்பமாட்டேன். ஆனால் என் மகள் இரண்டு விரலை வாயில் வைத்து ஜீப்காரன் மாதிரி விசிலடிக்கிறாள். திட்டினால் கோபப்படாமல் சிரிக்கிறாள். பள்ளிக்கூட பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது பிள்ளையைக் கூப்பிட்டு இடம் உண்டு என்கிறாள். டிபனைப் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு வருகிறாள். இது என் பரம்பரையில் ஒருவரும் செய்யாத காரியம்.

அவளுக்கு மூன்று வயது ஆகும்போது குடும்பத்தைக் கூட்டிவர எனக்கு அனுமதி கிடைத்தது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுக்கு ஐந்து முத்திரை. ஃபைலில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கார்டையும் வைத்திருந்தேன். அரபியில் மொழிபெயர்க்கும் மலப்புரத்து டைப்பிஸ்ட் அதைப் புரட்டிவிட்டு, "பைஸ்டாண்டர் வில்சன். அது ஆரா?" என்றான். டிரைவர் என்றேன். விசா புதுப்பிக்க இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே டைப்பிஸ்ட், அதே கேள்வி. அவர்கள் வந்த வருஷம்தான், மஸ்கட்டில் அவளுடைய முதல் பிறந்தநாள் கேக்கை வெட்டியதும், ஜெமி கேட்டாள்: "அப்பா, நான் எப்பிடிப் பிறந்தேன்?" அப்பா லீவில் ஊருக்கு வந்திருக்கிறார் என்று தொடங்கினேன். ஸ்டெல்லா கழுவிக்கொண்டிருந்த தட்டின் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவள் ஒன்றும் சொல்லாததை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

8

இந்த ஆகஸ்டில் லீவுக்குப் போனோம். மாமி வீட்டில் கப்பயும் மீனும். மேசையில் நாங்கள் மூன்று பேர், மாமி, பக்கத்தில் வில்சன். ஜெமி திடீரென்று, "மாமா, நான் பிறந்த கதை அறியுமோ?" என்று தொடங்கினாள்.

நான் கையில் எடுத்த கப்பயைத் தட்டில் திரும்ப வைத்தேன். ஜீப்பில் அப்பா பறந்தார். மாமி தலைநிமிர்ந்தாள். மழை வந்தது. மாமி வாயைத் திறந்தாள்.

"மாமி, இத்திரி மீன்சாறு" என்றான் வில்சன், கிண்ணத்தை நீட்டி. மாமி வாயை மூடிக்கொண்டு சாறு ஊற்றினாள். "பின்ன மக்கா?"

"ரோட்டில் ஒரு மரம். அப்பா தூக்கிப் போட்டார்."

"அயினி மரமாக்கும்" என்றான். "நல்ல தடிமன் உண்டு. இன்னும் அங்கதான் கெடக்கு, பாத்துக்கோ."

ஒப்பு, ரத்தம், துணியில் பொதிந்த குழந்தை எல்லாம் முடிந்தது. அவன் ஒரு சொல் திருத்தவில்லை. நான் மூச்சுவிடப் போனேன். அப்போது ஜெமி அவனிடம் கேட்டாள்: "மாமா அப்போ எங்க இருந்தீங்க?"

வில்சன் மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"நான் அப்போ மஸ்கட்டில் ஆக்கும் மக்கா."

மஸ்கட் என் மகளின் சொந்த ஊர். விடுவாளா? "மஸ்கட்டில் எங்க?"

அவன் என்னைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது. "ருவி" என்றேன். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. ஆறு பேர் ரூம். ஜன்னல் பக்கத்துக் கட்டில்." என் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

"ஆமா, ஜன்னல் பக்கம்" என்றான் வில்சன். "அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் போன் செஞ்சேன். உங்க அம்மை வலது பக்கம் குத்துது எண்ணு சொன்னா. டாக்டர் சொன்னது ஓர்மை இல்லியா, ஒரு நிமிசம் நிக்காத, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ எண்ணு சொன்னேன். பின்ன போனை வெச்சிட்டு ஜன்னல் பக்கம் நின்னேன். அடுத்த போன் வாற வரைக்கும் நின்னேன்."

ஜெமி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் கதைக்கு அவள் இப்படிக் கேட்டதில்லை, மரம் இருந்தும்.

ஸ்டெல்லா எழுந்து எல்லோர் தட்டிலும் மீன் வைத்தாள். "நல்லா இருக்கு" என்றாள். "வெட்டினது என் வயிறு. கதையை மட்டும் நிங்க ரெண்டு ஆம்பிளைகளும் பங்கு வைக்குதியோ?"

கை கழுவப் போன இடத்தில் அவனைப் பிடித்தேன். "எதுக்குடே அப்பிடிச் சொன்னே?"

"பின்ன என்ன சொல்ல? பிள்ளைக்கு அவ அப்பன் அங்க நின்னதுதானே சந்தோசம். ஆரெங்கிலும் ஒருத்தன் மஸ்கட்டில இருக்கணும் இல்லியா அண்ணே."

"போன் காரியம்... நான் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"ஓமத்தண்ணி டம்ளரை நான்தானே கழுவி வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் ஆள் காத்திருப்பதாகப் போய்விட்டான்.

9

ஆக நேற்று போன் போட்டேன். இப்போது வில்சன் வீட்டிலும் போன் உண்டு. அவன் ஜெமிக்கு வாழ்த்துச் சொல்லி முடித்ததும், "அவளுக்குக் கதை வேணுமாம்" என்றேன். குரலை எவ்வளவு இயல்பாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்தேன்.

"சொல்லுதேன் அண்ணே. ஒரு சம்சயம். அன்னைக்கு ரூமில என்ன சாப்பாடு?"

"பிரியாணி."

"தின்னீங்களா?"

"ரெண்டு தட்டு."

மறுமுனையில் அவன் யோசிப்பது கேட்டது. "அது வேண்டாம்" என்றான். "கஞ்சி எண்ணு சொல்லுதேன். அதும் இறங்காம அப்பிடியே வெச்சேன் எண்ணு."

ரிசீவரை ஜெமியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். எனக்குக் கேட்கவில்லை; அவள் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. போன் வந்த இடத்தில் தலையாட்டினாள். ஜன்னல் வந்திருக்க வேண்டும், எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கஞ்சி வந்தபோது கண் நிறைந்தது.

"பாவம் மாமா" என்றாள்.

நியாயமாக அது எனக்கு வர வேண்டியது. மஸ்கட்டில் தனியாக இருந்தவனும் நான், மனைவி பிள்ளையை விட்டு வந்தவனும் நான். பதினான்கு வருஷத்தில் என்னை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. ஒரே ஒரு 'பாவம்' இந்த வீட்டுக்கு வந்தது, அதுவும் பாறசாலைக்குப் போயிற்று. வில்சன் வில்சனாக இருந்தபோது என்னைவிட மேலாக இருந்தான், அது போகட்டும். நானாக இருக்கும்போதும் என்னைவிட மேலாக இருக்கிறான்.

அவள் கதை கேட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருந்தேன். மேசையில் மிச்சக் கேக் இருந்தது. இரண்டு துண்டு தின்றேன்.